காட்டுக்குப் போக ஜீப் வேண்டாம், மும்பை டவுன் பஸ் போதும்

வாசகர் கேள்வி–பதில்

போன இதழில், மும்பையில் இருந்துகொண்டே இயற்கையைக் கற்றுக்கொள்ளவும் அதைக் காப்பாற்றக் கை கொடுக்கவும் விரும்புகிற தன்னார்வலர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தோம். தாராவியிலிருந்து தானே வரை கடிதம், வாட்ஸ்அப், குரல்பதிவு என்று வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் சர்டிபிகேட் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். சில பயிற்சிகளில் கிடைக்கும், ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். மற்ற பாதிப் பேருக்கு இந்தப் பக்கங்கள்.

முலுண்டிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது என் வயசுக்காரர்கள் ‘மாஸ்டர் நேச்சுரலிஸ்ட்’ என்று பேட்ஜ் குத்திக்கொண்டு, பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு மரம் செடி காட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே ஆசையாக இருந்தது. மும்பையில் அப்படி ஏதாவது உண்டா? எனக்கு வயது 63, படித்தது பி.காம். செடி என்றால் துளசியும் கறிவேப்பிலையும்தான் தெரியும்.

அதே உருவத்தில், ஒரே கூரைக்குக் கீழே, இங்கே இல்லை சார். டெக்சாஸில் அது 1990களின் கடைசியில் தொடங்கியது. மாநில வனவிலங்குத் துறையும் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவும் சேர்ந்து நடத்துகின்றன. குறைந்தது 40 மணி நேரம் பயிற்சி, வகுப்பும் வெளியே நடந்து பார்ப்பதும் கலந்தது. அதன் பிறகு வருடத்துக்கு 40 மணி நேரம் சேவை, கூடவே 8 மணி நேரம் மேல்பயிற்சி. பாதை சீர் செய்வது, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது, கணக்கெடுப்பு எல்லாம் சேவையில் அடங்கும். சொல்லிக்கொடுப்பதும் அந்த வட்டாரத்து மண்ணையும் நீரையும் செடியையும் பற்றித்தான். ஆப்பிரிக்கச் சிங்கமெல்லாம் பாடத்தில் கிடையாது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

இங்கே அது துண்டு துண்டாகக் கிடைக்கிறது. 1883இல் இதே ஊரில் பிறந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், அதாவது பி.என்.எச்.எஸ்., பறவையியல், தாவரவியல், பூச்சியியல் என்று அடிப்படைப் பயிற்சிகளை நெடுங்காலமாக நடத்துகிறது. கோரேகாவில் ஃபிலிம் சிட்டிப் பக்கம் அவர்களுக்கு ஒரு கல்வி மையமே இருக்கிறது. போரிவலி தேசியப் பூங்காவில் வனத்துறையே இயற்கை நடைகள் வைக்கிறது. கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளை (மாங்குரோவ்) பார்த்துக்கொள்வதற்கென்று 2012இல் மாநில வனத்துறையில் தனிப் பிரிவு வந்தது. அவர்களுடைய மையம் ஐரோலியில், உங்கள் முலுண்டுக்கு நேர் எதிரே, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

ஆனால் வகுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில். வாரம் ஒரு தடவை, ஏறக்குறைய அதே நேரத்தில், ஒரு வருஷம். ஒரு நோட்டில் தேதி, நேரம், வெயிலா மேகமா, என்ன பார்த்தோம், எத்தனை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘மைனா அளவு, வயிறு மஞ்சள், வாலை ஆட்டுகிறது’ என்று எழுதினால் போதும், பெயர் பின்னால் வந்து சேரும். முப்பது வருஷம் லெட்ஜர் எழுதிய கைக்கு இது புது வேலை இல்லை. தாவரவியல் படித்த இளைஞர்கள் பல பேரிடம் இல்லாத ஒழுங்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதால்தான் பி.காம். என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தாராவியிலிருந்து, கல்லூரி மாணவி: நேச்சர் வாக் போகிறேன் என்றால் அம்மா திட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் போரிவலிக்கு ரயில் ஏறுவதை எந்த வீட்டில் விடுவார்கள் அக்கா? தாராவியில் என்ன இயற்கை இருக்கிறது, சாக்கடையும் மிட்டி நதியும்தான்.

மிட்டி நதியை இவ்வளவு லேசாகச் சொல்லாதே தங்கச்சி. தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே சாலையைக் கடந்தால் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது, 37 ஏக்கர். போரிவலி ரயிலும் வேண்டாம், ஐந்து மணியும் வேண்டாம். இன்று காடாக நிற்கிற அந்த இடம் 1970கள் வரை நகரத்தின் குப்பை மேடு. குப்பைமேல் மண்ணைப் போட்டு, செடி வைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். 1983இல் பறவை அறிஞர் சாலிம் அலி அங்கே மரம் நட்டார். 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பூங்காவின் பின்பக்கம் போய்ப் பார், நீ சொல்கிற அதே மிட்டி, கரையில் அலையாத்தி மரங்களோடு ஓடுகிறது.

உள்ளே போக முடியாத நாளில் தெருவோரத்தில் எருக்கஞ்செடி தேடு. தாராவியில் எருக்கு முளைக்காத சந்து கிடையாது. இலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழு இருக்கலாம், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நஞ்சைத் தின்று உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்கிறது, அதனால் பறவைகள் அதையும் அதன் பட்டாம்பூச்சியையும் ஒரு தடவை கடித்துப் பார்த்துவிட்டு அடுத்த தடவை ஒதுங்கிப் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், நஞ்சே இல்லாத வேறொரு பட்டாம்பூச்சியின் பெண், அச்சு அசலாக இதே நிறத்தில் உடுத்திக்கொண்டு பறக்கிறது, பறவைகளை ஏமாற்ற. இரண்டையும் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டால் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி. பின்சிறகில் வெந்தய வரியனுக்கு நடுப்பகுதியில் சில கரும்புள்ளிகள் இருக்கும், அந்த வேஷக்காரிக்கு ஒன்றே ஒன்று, அதுவும் மேல் ஓரத்தில்.

அம்மாவிடம் இன்னொன்று சொல்லு. பொங்கலுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போகிற வீடாக இருந்தால், தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2011 முதல். கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் கலந்துகொள்கிறார்கள். ஊர்க் குளத்துக்குப் போகிறேன் என்றால் எந்த அம்மாவும் திட்ட மாட்டார். அவரையும் கூட்டிக்கொண்டு போ, கொக்கிலும் நாரையிலும் உன்னைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

செம்பூரிலிருந்து, குடியிருப்புச் சங்கச் செயலாளர்: வருகிற ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளுக்கு, எங்கள் சொசைட்டி சார்பில் 500 மரக்கன்றுகள் நட முடிவு செய்திருக்கிறோம். வாஷிப் பக்கம் கழிமுகத்தை ஒட்டி வெட்டவெளியாகச் சேற்று நிலம் கிடக்கிறது. டி-ஷர்ட் அச்சடித்தாகிவிட்டது. என்ன மரம் நடலாம் என்று சொல்லுங்கள்.

டி-ஷர்ட் அச்சடிப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். அங்கே எந்த மரமும் நட வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நீங்கள் வெட்டவெளி என்று சொல்கிற அந்தச் சேறு காலியாக இல்லை. நீர் வற்றியதும் அதன்மேல் பச்சையாக ஒரு மெல்லிய பாசி படியும், புழுக்களும் நத்தைகளும் சின்ன நண்டுகளும் கோடிக்கணக்கில் இருக்கும். அதைத் தின்னத்தான் குளிர்காலத்தில் வடக்கே இருந்து உள்ளான் பறவைகள் வருகின்றன, நவம்பர் வாக்கில் தொடங்கி மே வரை பூநாரைகள் நிற்கின்றன. தானே கழிமுகத்தில் பூநாரைகளின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அதற்காகவே 2015இல் 1,690 ஹெக்டேர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தப் பறவைகளுக்குத் திறந்த சேறு வேண்டும். நாலு பக்கமும் பார்வை தெரிந்தால்தான் இறங்கும். நீங்கள் 500 கன்று நட்டு அவை பிழைத்தும் விட்டால், பறவைகளின் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டீர்கள் என்றாகும். பிழைக்காவிட்டால் 500 பிளாஸ்டிக் பைகளைக் கழிமுகத்துக்குக் கொடுத்தீர்கள் என்றாகும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

சரி, அலையாத்தி மரமே நடலாமே என்பீர்கள். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வரும். ஆனால் கடல்நீர் ஏறி இறங்க வழி இருந்தால் அலையாத்தி தானாகவே வரும், யாரும் நட வேண்டியதில்லை. மும்பையில் அதிகமாக இருக்கிற வெண்கண்டலின் விதை, மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைவிட்டு, நீரில் விழுந்து மிதந்து போய்ச் சேற்றில் வேர் ஊன்றும். அது வராத இடத்தில் ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் தன்னார்வலரின் வேலை. யாரோ மண் கொட்டி நீர்வழியை அடைத்திருப்பார்கள். அல்லது இரவோடு இரவாகக் கட்டட இடிபாட்டை லாரியில் கொண்டுவந்து தட்டியிருப்பார்கள். வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, மரம் இதன் வழியாகத்தான் சுவாசிக்கிறது. அதன்மேல் இரண்டடி மண் விழுந்தால் யாரும் கோடரி எடுக்காமலே மரம் சாகும். போய்ப் பாருங்கள், காய்ந்து நிற்கிற அலையாத்திகளுக்குப் பக்கத்திலேயே டைல்ஸ் துண்டும் செங்கல்லும் கிடக்கும்.

இதற்குச் சட்டம் பலமாகவே இருக்கிறது. அலையாத்தியை அழிக்கவும் அங்கே இடிபாடு கொட்டவும் 2005லேயே பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது, சுற்றி 50 மீட்டரில் கட்டுமானத்துக்கும் தடை. அதே வருஷம் ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழையை மும்பையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மிட்டியின் ஓரங்களை அடைத்ததன் பலன் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது.

உங்கள் ஆட்கள் ஜூன் 5 அன்று டி-ஷர்ட்டோடு வரட்டும், வந்து படம் எடுக்கட்டும். எங்கே இடிபாடு, எங்கே அடைப்பு என்று இடக்குறியோடு, தேதியோடு படம் எடுத்து அலையாத்திப் பிரிவுக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் இன்னொரு படம். ஐநூறு கன்றைவிட அந்த இரண்டு படம் பெரிய வேலை.

மரம் நட்டே தீர வேண்டும் என்றால் சொசைட்டிக்குள் நடுங்கள், ஐந்தே ஐந்து. புங்கன், பூவரசு, மந்தாரை மாதிரி நம் மண்ணின் மரம். மூன்று வருஷத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்று பெயர் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். சீக்கிரம் வளர்கிறது என்று நர்சரிக்காரர் கிளிரிசிடியா என்ற வெளிநாட்டு மரத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார், வாங்காதீர்கள்.

பவாயிலிருந்து, ஐ.டி. ஊழியர்: இரண்டு வருஷமாக ஐநேச்சுரலிஸ்டில் படம் ஏற்றுகிறேன், ஈபேர்டில் பறவைப் பட்டியல் போடுகிறேன். இதெல்லாம் யாருக்காவது பயன்படுகிறதா, இல்லை அமெரிக்காக்காரன் சர்வரில் தூங்குகிறதா? இன்னொன்று, செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி அழிந்தது என்று எங்கள் ஆபீஸ் குரூப்பில் சண்டை. தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வந்த அறிக்கை 942 இனங்களை அலசியது. அதற்கான தரவு 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஈபேர்டில் போட்ட சுமார் மூன்று கோடிப் பதிவுகள். உங்களைப் போல லேக் பக்கம் காலையில் நடந்தவர்கள் போட்டதுதான். அதிலிருந்துதான் 178 இனங்களை உடனே கவனிக்க வேண்டும் என்று குறித்தார்கள். ஆக, தூங்கவில்லை.

2020இல் வந்த இதன் முந்தைய அறிக்கை சிட்டுக்குருவியைப் பற்றித் தெளிவாகச் சொன்னது: நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 25 வருஷத்தில் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில் மட்டும் குறைந்திருக்கிறது. டவர் கிராமத்திலும் இருக்கிறது. குருவியும் அங்கே இருக்கிறது. நகரத்தில் கூடு வைக்கப் பொந்து இல்லை, ஓட்டு வீடும் இல்லை, கண்ணாடிச் சுவரில் எங்கே வைக்கும்? குஞ்சுக்குக் கொடுக்கப் புழு பூச்சி வேண்டும், அதற்குப் புதர் வேண்டும், சொசைட்டித் தோட்டத்தில் மருந்தடித்து மொழுமொழுவென்று புல்வெளி வைத்திருக்கிறோம். ஆபீஸ் குரூப்பில் இதைப் போட்டுப் பாருங்கள், சண்டை நிற்காது, ஆனால் வேறு திசைக்குப் போகும்.

பட்டியல் போடும்போது அபூர்வப் பறவையை மட்டும் போடாதீர்கள். பதினைந்து நிமிஷம் நின்று, கண்ணிலும் காதிலும் பட்ட எல்லாவற்றையும், காக்கா, புறா உட்பட, எண்ணிக்கையோடு போட்டால்தான் அது முழுப் பட்டியல். என்ன இல்லை என்பதும் அப்போதுதான் தெரியும். காகத்தை எண்ணச் சோம்பல்படுகிறவர்கள் எழுதிய பட்டியலை வைத்துக் காகம் குறைகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐநேச்சுரலிஸ்டில் மற்றவர்கள் வந்து பெயரை உறுதி செய்ய வேண்டும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ஆராய்ச்சிக்கு உகந்ததாக ஏறும். அதனால் பூ, இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், பட்டை எல்லாவற்றையும் படம் எடுங்கள். தூரத்திலிருந்து எடுத்த ஒரு பச்சைப் படத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆந்தைக் கூடு, பாம்பு மாதிரி விஷயங்களுக்கு இடத்தை மறைத்துப் போடுங்கள்.

சாந்தாகுரூஸிலிருந்து, இல்லத்தரசி: ஜுஹு பீச்சில் குப்பையைத் தவிர என்ன இருக்கிறது? கடலோர உயிரினம் பார்க்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டுப் பெண் கிளம்புகிறாள், சிரிப்பாக வருகிறது.

சிரிக்காமல் ஒரு தடவை அவளோடு போய்விட்டு வாருங்கள். ஆனால் பேல் பூரிக்கு மட்டும் நேரம் பார்த்துப் போனால் ஒன்றும் தெரியாது. கடல் நன்றாக உள்வாங்கும் நேரத்தில் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் கடல் வெகுதூரம் உள்ளே போகும். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு கஷ்டமே இல்லை. கூடவே கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் அன்றைய ஓத அட்டவணையையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், நீர் திரும்பும் முன் கரையேற வேண்டும்.

மணலைவிடப் பாறைக்கரையில் விசேஷம் அதிகம். பாந்த்ராவில் கார்ட்டர் ரோடு, ஹாஜி அலி, கிர்காவ் பக்கம் எல்லாம் பாறை வெளியே தெரியும். பள்ளத்தில் தேங்கிய நீரில் குனிந்து பாருங்கள், நின்று பாருங்கள், முதல் இரண்டு நிமிஷம் வெறும் தண்ணீர்தான் தெரியும். பிறகு ஒரு சங்கு நடக்கும். அது சங்கு நண்டு, செத்த நத்தையின் கூட்டைத் தன் வீடாக எடுத்துக்கொண்டது. உடம்பு வளர வளரப் பெரிய கூடு தேடும். கிடைத்ததும் முதலில் கொடுக்கால் உள்ளே துழாவி அளந்து பார்க்கும், பிடித்திருந்தால் நொடியில் வெளியே வந்து மாறிக்கொள்ளும். அழகாக இருக்கிறதென்று நாம் சங்கைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் அதற்கு வீடு கிடைக்காது. கடல் சாமந்தி, இலை மாதிரி ஒட்டிக்கிடக்கும் ஓடில்லாக் கடல் நத்தை, அதிர்ஷ்டம் இருந்தால் ஆக்டோபஸ்கூட இந்த ஊரில் பார்க்கலாம்.

கல்லைத் திருப்பினால் அதே மாதிரி திருப்பி வையுங்கள், அடியில் இருப்பவைக்கு வெயில் ஆகாது. பாறையில் பாய் விரித்த மாதிரி பூப்பூவாக ஒட்டியிருப்பதன்மேல் மிதிக்கவும் வேண்டாம், கையால் தொடவும் வேண்டாம், சிலவற்றில் கடும் விஷம் உண்டு. மழைக்காலத்தில் ஜுஹுவிலேயே நீல நிறப் பலூன் மாதிரி ஒதுங்குவதையும் தொடாதீர்கள், நூல் மாதிரித் தொங்குவது கொட்டும். கொட்டினால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். அங்கே பாறையில் சிப்பி கொத்திக்கொண்டிருக்கும் கோலி மீனவப் பெண்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தச் சிப்பி எந்த மாதம், எந்த இடத்தில் குறைந்துவிட்டது என்பதை அவர்களைப் போலச் சொல்லக்கூடிய வாத்தியார் எந்த வகுப்பிலும் கிடையாது.

தானேயிலிருந்து, பெயர் வேண்டாம் என்றவர்: காசு வாங்கிக்கொண்டு பறவை பார்க்க அழைத்துப்போன ஒரு குழுவோடு போனேன். தலைவராக வந்தவர் செல்போனில் பறவைக் குரலை ஸ்பீக்கரில் போட்டுப் போட்டு ஆறுமணிக் குருவியை வெளியே வரவழைத்தார். எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்கு என்னமோ போலிருந்தது. நான் அதிகமாக யோசிக்கிறேனா?

இல்லை. சரியாகத்தான் யோசித்திருக்கிறீர்கள். மழை தொடங்கும் சமயத்தில் ஆறுமணிக் குருவி இங்கே கூடு வைக்கிற பறவை. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது, நம் கேமராவைப் பார்க்க வரவில்லை. சண்டைக்கு வந்து, எதிரியைக் காணாமல், மறுபடி மறுபடி சுற்றும். அந்த நேரத்துக்கு இரை தேடவில்லை, கூட்டைக் காவல் காக்கவில்லை. காலையில் ஒரு குழு, அடுத்து இன்னொரு குழு என்றால் யோசித்துப் பாருங்கள். கூட்டின் பக்கம் இலையை ஒதுக்கிவிட்டுப் படம் எடுப்பது இன்னும் மோசம். பறவைக் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற வகையிலேயே வருகிறது.

அடுத்த தடவை பணம் கட்டும் முன்னாலேயே ‘குரல் போடுவீர்களா?’ என்று கேளுங்கள். போடுவோம், நிச்சயம் காட்டுவோம் என்று உற்சாகமாகச் சொன்னால் வேறு குழு பாருங்கள்.

போரிவலியிலிருந்து, தமிழாசிரியை: பூங்காவில் 2024இல் கார்வி பூத்தது என்று எல்லோரும் ஓடினார்கள். நம் குறிஞ்சிதானா அது?

பங்காளி முறை டீச்சர். இரண்டும் ஒரே பேரினம். நீலகிரி, மூணாறுப் பக்கத்துக் குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை, 2006, 2018 என்று பூத்தது. கார்விக்கு 8 வருஷம், 2008, 2016, 2024. அடுத்து 2032இல். பூத்து, காய்த்து, செடி செத்துவிடும். விதையோ உடனே முளைக்காது, அடுத்த மழை வரை காத்திருக்கும். காய்ந்த தண்டைக் கட்டி, மண் பூசி வார்லிப் பழங்குடிக் குடும்பங்கள் வீட்டுச் சுவர் எழுப்புவார்கள். பூங்காவுக்குள் இருக்கும் பாடாக்களில், அதாவது அவர்களுடைய குடியிருப்புகளில், இன்றும் விசாரிக்கலாம். பூக்கும் வருஷத்தில் கூட்டம் அலைமோதுகிறது, நடுவில் இருக்கிற ஏழு வருஷம் ஒருத்தரும் அந்தச் செடி பக்கம் திரும்புவதில்லை. உங்கள் மாணவர்கள் ஒரு சரிவைப் பிடித்து, வருஷா வருஷம் செடி எவ்வளவு உயரம், எத்தனை பிழைத்தன என்று எழுதி, அடுத்த செட் மாணவர்களிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாமே.

நவி மும்பையிலிருந்து, விரக்தியில் ஒரு வாசகர்: எண்ணி, எழுதி, என்ன சார் ஆகப்போகிறது? பில்டர் நினைத்தால் ஏரியே இருக்காது.

உங்கள் நெருளிலேயே பதில் இருக்கிறது. 2024இல் அங்கே பூநாரைகள் வரும் ஏரிக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட்டு, ஏரி வற்றி, பறவைகள் செத்து விழுந்தன. அக்கம்பக்கத்து ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை, நீர் எங்கே அடைபட்டது, எந்தத் தேதியில் எவ்வளவு பறவை, எத்தனை சாவு என்று படத்தோடு மனு மேல் மனு போட்டார்கள். 2025இல் அந்த ஏரியைப் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் கொடுத்தது. எல்லா ஏரிக்கும் இப்படி நடக்காது, தோற்ற கதைகள் நிறைய. ஆனால் ‘அங்கே பறவையே வருவதில்லை’ என்று ஒரு அறிக்கையில் யாரோ எழுதும்போது, பத்து வருஷப் பட்டியலைத் தூக்கி மேஜைமேல் வைக்க ஆள் இருந்த இடத்தில்தான் வழக்கே நடந்திருக்கிறது. பட்டியல் இல்லாத ஏரிக்கு வழக்கு போட்டாலும் நிற்பது கஷ்டம். ‘அழகான ஏரி’ என்பதை எந்த நீதிபதியும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாட்டுங்காவிலிருந்து, ஒரு அப்பா: பையனுக்கு 14 வயது. யூடியூப் பார்த்துப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்கிறான்.

கூடவே கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நஞ்சுள்ள நாலையும் படத்தில் பார்த்து அடையாளம் சொல்லட்டும், நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பைக் கட்டுவிரியன் என்று பயந்து அடித்துக் கொல்லும் பெரியவர்களைத் தடுக்கட்டும். அதுவே பெரிய தொண்டு. பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு வனத்துறையின் 1926க்கு போன் செய்ய வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு.

மீண்டும் முலுண்டு, அதே வங்கிக்காரர், தனிச் சீட்டில்: பைனாகுலர் வாங்கலாமா? எது?

முதல் மூன்று மாதம் வேண்டாம், வெறுங்கண்ணால் பாருங்கள், குழுவில் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். பிறகு 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு இன்னும் நன்றாகத் தெரியும் என்று கடைக்காரர் சொல்வார், கை ஆடுவதும் பத்து மடங்கு தெரியும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே கடையில் பாருங்கள். கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையத்தைத் திருகி இறக்கினால் முழு வட்டமும் தெரிய வேண்டும், ஓரம் கறுத்தால் அதை வாங்காதீர்கள். மகன் டெக்சாஸிலிருந்து வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னாலும், கையில் பிடித்துப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட வேண்டாம்.